தினம் இரண்டு மில்லிகிராம்

எப்போதும்வென்றான் கிராமத்தைச் சுற்றிக் கிடக்கும் கரிசலில் இரும்புக்குப் பஞ்சமே கிடையாது. பூமியின் மேலோட்டில் எடைக்கணக்கில் நூற்றுக்கு 5 பங்கு இரும்புதான். ஆக்சிஜன், சிலிக்கன், அலுமினியம் மூன்றுக்கும் அடுத்த இடம் அதற்கு. ஓர் ஏக்கர் மானாவாரிப் புஞ்சையில் ஒரு சாண் ஆழ மண்ணை மட்டும் கணக்கில் எடுத்தாலே டன் கணக்கில் இரும்பு தேறும். அதில் விளையும் சோளமோ உளுந்தோ ஒரு பருவம் முழுக்க எடுத்துக்கொள்வது கிலோ அளவைத் தாண்டாது. ஆனாலும் சுண்ணாம்புச் சுக்கான் கலந்த துண்டுகளில் சில ஆண்டுகளில் இளந்தளிர் மஞ்சள் பூத்து நிற்கும். நரம்பு மட்டும் பச்சையாக இருக்கும், நரம்புகளுக்கு இடையே வெளுத்துக் கிடக்கும். அது இரும்புப் பற்றாக்குறை.

கீழிமையை இழுத்துப் பார்த்து, "ரத்தம் கம்மியா இருக்கேம்மா, மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறியா?" என்று நர்சம்மா கேட்கும்போது அவர் தேடுவதும் அதே வெளுப்பைத்தான். 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய ஆய்வில் 55 சதவீதம். இடையில் எத்தனையோ மாத்திரைகள் வழங்கப்பட்டும் எண் அவ்வளவுதான் அசைந்தது. எல்லா ரத்தசோகைக்கும் இரும்புக் குறைவே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் காரணங்களில் பெரியது அது. கம்பும் சோளமும் கீரையும் பருப்பும் சாப்பிட்டு வளர்ந்த ஊரில், நிலத்திலும் உலையிலும் இரும்பு இருந்தும் ரத்தத்தில் ஏன் இல்லை? பயிருக்கும் பெண்ணுக்கும் இந்தக் கேள்வி பொது. விடையிலும் பாதி பொது.

இரும்பு இரண்டு வடிவங்களில் நடமாடுகிறது. இரண்டு எலெக்ட்ரான்களை இழந்தது ஃபெரஸ், மூன்றை இழந்தது ஃபெரிக். ஃபெரஸ் தண்ணீரில் சுலபமாகக் கரையும். ஃபெரிக் கரையவே மறுக்கும். துருவாகப் படிவது அதுதான். தூத்துக்குடி மாவட்டத்தின் தென்கோடியில் சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காடு செக்கச்செவேலென்று இருப்பது, மணல் மேல் பூசினாற்போல் ஒட்டியிருக்கும் ஃபெரிக் ஆக்சைடால். கரிசலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, இரும்பு மட்டும் இருக்கும். ஆனால் கரிசல் காரத்தன்மை உள்ள மண். அமில–கார அளவுகோலில் 7 என்பது நடுநிலை. கரிசல் பெரும்பாலும் 8ஐ ஒட்டியோ அதற்கு மேலோ நிற்கும். அந்த அளவுகோலில் ஒவ்வோர் எண் ஏறும்போதும் கரைந்து கிடக்கும் ஃபெரிக் இரும்பு ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. சுண்ணாம்பு மிகுந்த சுக்கான் நிலத்தில் வேரைச் சுற்றி எங்கும் இரும்பு. வேருக்கு எட்டுவது ஒன்றுமில்லை.

உயிர்களுக்கு இந்தச் சிக்கல் மிகப் பழையது. ஆதிக் கடலில் ஆக்சிஜன் இல்லாததால் இரும்பு ஃபெரஸாகக் கரைந்து கிடந்தது, அன்றைய நுண்ணுயிர்கள் தாராளமாக எடுத்துப் பழகிக்கொண்டன. பின்னர் நீலப்பசும் பாக்டீரியாக்கள் சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைக்கத் தொடங்கி ஆக்சிஜனைக் கடலில் விட்டன. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த ஆக்சிஜன் காற்றிலும் சேரத் தொடங்கியது. கடல் இரும்பு துருப்பிடித்துப் படிந்து வரிவரியான பாறையாயிற்று. சேலத்துக்குப் பக்கத்தில் உள்ள கஞ்சமலையின் இரும்புப் பாறைகள் அந்த வகையைச் சேர்ந்தவை. இரும்பு இல்லாமல் வாழ முடியாதபடி உயிர் அமைந்துவிட்ட பிறகு இரும்பு கைக்கு எட்டாமல் போனது. அன்றிலிருந்து பிழைத்து வந்த ஏறத்தாழ எல்லா உயிரினமும் துருவிலிருந்து இரும்பைப் பிடுங்க ஏதாவது ஒரு தந்திரம் கற்றிருக்கிறது.

கரிசல் காட்டிலேயே அப்படி இரண்டு தந்திரங்கள் பக்கத்துப் பக்கத்து வரப்பில் நடக்கின்றன. சோளம், கம்பு, மக்காச்சோளம் போன்ற புல் இனங்கள் வேரிலிருந்து ஒருவகை அமிலச் சேர்மத்தை மண்ணுக்குள் கசியவிடும். அது ஃபெரிக் இரும்பைக் கவ்விப் பிடிக்கும். கவ்விய இரும்போடு சேர்த்து அந்தச் சேர்மத்தை வேர் உள்ளே இழுத்துக்கொள்ளும். உளுந்து, பாசிப்பயறு, நிலக்கடலை, பருத்தி ஆகியவற்றின் வழி வேறு. அவை வேரைச் சுற்றி மண்ணை அமிலமாக்குகின்றன, வேரின் தோலிலேயே ஓர் எலெக்ட்ரானைக் கொடுத்து ஃபெரிக்கை ஃபெரஸாக மாற்றுகின்றன, பிறகு ஃபெரஸை உள்ளே விடுகின்றன.

மனிதக் குடல் உளுந்தின் கட்சி. இரைப்பை அமிலம் உணவில் உள்ள இரும்பைக் கரைத்துக் கொடுக்கும். இரைப்பையைத் தாண்டியதும் வரும் சிறுகுடலின் முதல் பகுதியில், குடற்சுவர்ச் செல்லின் விளிம்பில் இருக்கும் ஒரு நொதி ஃபெரிக்கை ஃபெரஸாக்கும். அதன் பக்கத்திலேயே உள்ள ஒரு கடத்துப் புரதம் ஃபெரஸை செல்லுக்குள் எடுத்துப் போகும். சுமார் 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலில் இந்த வேலை பெரும்பாலும் முதல் கால் மீட்டரில் முடிந்துவிடுகிறது. அங்கே தவறவிட்ட இரும்பைப் பிறகு பிடிப்பது கடினம். வயிற்றைப் புரட்டாமல் இருக்க, இரைப்பையில் கரையாத மேலுறை போட்ட இரும்பு மாத்திரைகள் சில பலன் தராமல் போவதும் இதனால்தான். உறை கரைவதற்குள் அந்தக் கால் மீட்டர் கடந்துவிடும்.

மருந்திலும் பயிரும் மனிதரும் ஒன்று. மஞ்சள் பூத்த பயிருக்கு வேளாண் துறையினர் சொல்லும் வைத்தியம், ஃபெரஸ் சல்பேட்டை நூற்றுக்கு அரை முதல் ஒரு பங்கு கரைத்து இலைமேல் தெளிப்பது. பத்து லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 100 கிராம். நாட்டுமருந்துக் கடையில் அதன் பெயர் அன்னபேதி. சித்த மருத்துவர்கள் அதைப் புடம் போட்டுச் செந்தூரமாக்கி, ரத்தசோகையான பாண்டு நோய்க்குக் கொடுத்து வந்திருக்கிறார்கள். அரசு மருத்துவமனையில் தரப்படும் இரும்புச் சத்து மாத்திரையிலும் அதே உப்புதான். தெளிப்பு நீரில் கொஞ்சம் சிட்ரிக் அமிலம் சேர்க்கச் சொல்வார்கள். கரைத்த ஃபெரஸ் காற்றுப் பட்டு ஃபெரிக்காகிப் பழுப்பாகப் படிந்துவிடாமல் அது காக்கும். மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிடச் சொல்லும் அறிவுரைக்குப் பின்னும் அதே வேதியியல் இருக்கிறது. எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி ஃபெரிக்குக்கு எலெக்ட்ரான் கொடுத்து ஃபெரஸாக்குகிறது, கரைந்த நிலையிலேயே வைத்திருக்கிறது.

இனி உடலின் கணக்கைப் பார்க்கலாம். வளர்ந்த ஆணின் உடலில் உள்ள மொத்த இரும்பு ஏறத்தாழ அரைப் பவுன் எடை, அதாவது 4 கிராமுக்குள். பெண்ணின் உடலில் கால் பவுனுக்குக் கொஞ்சம் மேல். மூச்சு, நடை, நினைப்பு அத்தனையும் இந்த அளவை நம்பி ஓடுகின்றன. இதில் மூன்றில் இரண்டு பங்கு ரத்தச் சிவப்பணுக்களில் இருக்கிறது. ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் என்ற புரதத்தில் நான்கு இரும்பு அணுக்கள். ஒரு சிவப்பணுவில் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின்கள். எலும்பு மஜ்ஜை வினாடிக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சிவப்பணுக்களைச் செய்து அனுப்புகிறது. ஒவ்வொன்றுக்கும் 100 கோடிக்கு மேல் இரும்பு அணுக்கள் வேண்டும். இந்த வாக்கியத்தைப் படித்து முடிப்பதற்குள் ஒரு கோடி சிவப்பணுக்கள் புதிதாகச் சேர்ந்திருக்கும்.

இன்னொரு விந்தையையும் இங்கே சொல்ல வேண்டும். ஹீமோகுளோபினில் இரும்பைத் தாங்கியிருக்கும் வளையமும் இலையின் பச்சையத்தில் மக்னீசியத்தைத் தாங்கியிருக்கும் வளையமும் ஒரே மூலப்பொருளிலிருந்து பிறந்தவை. கடைசிக் கட்டத்தில் நடுவில் இரும்பை வைத்தால் ரத்தத்தின் சிவப்பு, மக்னீசியத்தை வைத்தால் இலையின் பச்சை. பச்சையத்தில் இரும்பு கிடையாது, ஆனால் பச்சையத்தைச் செய்யும் நொதிகளுக்கு இரும்பு வேண்டும். தளிரும் கீழிமையும் ஒரே குறையால் வெளுப்பது வெறும் ஒற்றுமை என்று எனக்குத் தோன்றவில்லை. அது மிகத் தொலைவான ஓர் உறவின் அடையாளம்.

வினாடிக்கு 20 லட்சம் சிவப்பணு என்றால் நாளொன்றுக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு வேண்டும். ஆனால் உணவிலிருந்து உடல் எடுத்துக்கொள்வது தினம் ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். மீதி? பழைய சிவப்பணுக்களிலிருந்து வருகிறது. சிவப்பணுவின் ஆயுள் 120 நாள். வயதான அணுக்களை மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள விழுங்கும் செல்கள் பிரித்து, இரும்பை மட்டும் எடுத்து மஜ்ஜைக்குத் திருப்பி அனுப்புகின்றன. இன்று விரல் நுனியில் குத்தி எடுக்கும் துளியில் இருக்கும் இரும்பில் பெரும்பகுதி, பல முறை வெவ்வேறு சிவப்பணுக்களில் இருந்து திரும்பி வந்ததாக இருக்கும்.

இவ்வளவு சிக்கனம் எதற்கு? தனியாகத் திரியும் இரும்பு ஆபத்தானது என்பதால். ஹென்றி ஃபென்டன் என்ற வேதியியலாளர் 1894இல் விவரித்த ஒரு வினை உண்டு. ஃபெரஸ் இரும்பு ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்தால் மிகத் தீவிரமாகத் தாக்கும் துகள்கள் பிறக்கும். அவை கொழுப்பு, புரதம், மரபணு எதையும் விடாது. அதனால் உடல் இரும்பை ஒரு கணமும் தனியே விடுவதில்லை. ரத்தத்தில் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் ஒரு தடவைக்கு இரண்டு அணுவாகச் சுமந்து போகிறது. சேமிப்பில் ஃபெரிட்டின் என்ற கூண்டுப் புரதம் ஒரு கூண்டுக்கு 4,500 அணு வரை பூட்டி வைக்கிறது. அளவுக்கு மேல் உள்ளே வந்துவிட்டால் வெளியேற்ற வழியும் கிடையாது. மிஞ்சிய உப்பைச் சிறுநீரகம் தள்ளும். மிஞ்சிய இரும்பைத் தள்ள எந்த உறுப்பும் இல்லை. உதிரும் தோலோடும் குடற்செல்லோடும் போவது தினம் ஒரு மில்லிகிராம் அளவுதான். வெளியேற வழி இல்லாத ஒன்றுக்கு நுழைவதில்தான் கட்டுப்பாடு வைக்க முடியும்.

இந்தக் கணக்கு ஆண்களுக்குச் சரியாக வருகிறது. பெண்களுக்குத்தான் தட்டுகிறது. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் அரை மில்லிகிராமை ஒட்டிய இரும்பு இருக்கிறது. மாதவிடாயில் சராசரியாக 30 முதல் 40 மில்லிலிட்டர் ரத்தம் போகும் என்றால் 15 மில்லிகிராமுக்கு மேல் இழப்பு. தினசரிச் செலவில் பாதியளவு கூடுகிறது. அதிக ரத்தப்போக்கு உள்ளவர்களுக்கு இரட்டிப்பாகும். கருவுற்றால் குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும் பெருகும் ரத்தத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ 1 கிராம் இரும்பு தேவை. அரைக்கால் பவுன். கையில் இருப்பதே கால் பவுனுக்குச் சற்று மேல் என்னும்போது, அதில் பாதியளவை ஒன்பது மாதத்தில் புதிதாகத் திரட்டியாக வேண்டும். சாப்பாட்டால் மட்டும் இது பெரும்பாலும் ஆகாது. "நல்லாச் சாப்பிட்டா ரத்தம் ஊறும்" என்று வீட்டில் சொல்வது அன்பின் வார்த்தை. கணக்கு அதற்கு இடம் கொடுப்பதில்லை.

கம்பில் 100 கிராமுக்கு 6 மில்லிகிராமை ஒட்டி இரும்பு உண்டு. ஆனால் தானியம் தன் விதைக்கான பாஸ்பரஸை ஃபைட்டேட் என்ற சேர்மமாகச் சேமித்து வைக்கிறது. அது இரும்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு குடல் வழியே அப்படியே வெளியேறிவிடும். ஊறவைத்தல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல் மூன்றும் ஃபைட்டேட்டைச் சிதைக்கும். மாவை இரவு புளிக்க வைத்துக் காய்ச்சும் கம்பங்கூழ் அந்த வகையில் கெட்டிக்காரச் சமையல். ஆட்டு ஈரல், சுவரொட்டி, ரத்தப் பொரியல், மீன் ஆகியவற்றில் உள்ள இரும்பில் கணிசமான பங்கு முன்பு சொன்ன வளையத்தோடு வருவதால் தனி வழியில் நுழைகிறது, ஃபைட்டேட்டால் அதைத் தொட முடிவதில்லை. இவையெல்லாம் இருப்பைத் தக்கவைக்க உதவும். ஹீமோகுளோபின் 8க்கு இறங்கிவிட்ட பெண்ணுக்கு மாத்திரை வேண்டும்.

மாத்திரை அட்டையில் உள்ள எண்ணை எல்லோரும் ஒரே மாதிரி படிப்பதில்லை. உலர்ந்த ஃபெரஸ் சல்பேட் 200 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் அதில் உள்ள தனி இரும்பு 65 மில்லிகிராம்தான், மீதி சல்பேட். ஃபெரஸ் ஃபியூமரேட்டில் மூன்றில் ஒரு பங்கு இரும்பு, ஃபெரஸ் குளுக்கோனேட்டில் எட்டில் ஒரு பங்கு. மருத்துவர் கணக்குப் பார்ப்பது உப்பின் எடையை அல்ல, தனி இரும்பை. ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் தனி இரும்பு இருக்கட்டும். உணவிலிருந்து தினம் ஒன்றிரண்டு மில்லிகிராமைத் தொட்டுக்கொண்டிருந்த குடலுக்கு முன்னால் திடீரென்று முப்பது மடங்கு வந்து நிற்கிறது. குடல் என்ன செய்யும்?

பல பத்தாண்டுகள் மருத்துவ உலகம் எளிமையாக யோசித்தது: குறைவு அதிகம் என்றால் மாத்திரையும் அதிகம். காலை ஒன்று, மாலை ஒன்று. முடிந்தால் மதியமும் ஒன்று. அந்த யோசனையை மாற்றியது, கல்லீரலில் பிறக்கும் ஹெப்சிடின் என்ற சின்னஞ்சிறு ஹார்மோன். 25 அமினோ அமிலங்கள் கோத்த புரதத்துணுக்கு அது. 2000, 2001ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் ஆராய்ச்சியாளர்கள் கிருமிகளைக் கொல்லும் புரதங்களைத் தேடியபோது ரத்தத்திலும் சிறுநீரிலும் இதைக் கண்டெடுத்தார்கள். இரும்போடு இதற்குத் தொடர்பு உண்டு என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அதே சமயம் பாரிஸில் வேறொரு மரபணுவை நீக்கி வளர்த்த எலிகளின் உடலில் இரும்பு மலைபோல் குவிந்தது. பக்கத்தில் இருந்த ஹெப்சிடின் மரபணுவும் சேர்ந்து செயலிழந்துவிட்டது என்பது பின்னால் புரிந்தது. கிருமிக்கொல்லி என்று பெயர் வைத்த பொருள், உடலின் இரும்பு வரத்து முழுவதையும் ஆள்வது என்று தெரிந்தது.

ஹெப்சிடின் வேலை செய்யும் விதம் இது. குடற்சுவர்ச் செல்லுக்குள் வந்த இரும்பு மறுபக்கம் ரத்தத்துக்குள் போக ஒரே ஒரு வாசல் உண்டு. ஃபெரோபோர்ட்டின் என்ற புரதம் அது. ரத்தத்தில் இரும்பு கூடினால் கல்லீரல் ஹெப்சிடினைச் சுரக்கும். ஹெப்சிடின் ஃபெரோபோர்ட்டினில் போய் ஒட்டிக்கொண்டதும் செல் அந்த வாசலையே உள்ளிழுத்துச் சிதைத்துவிடும். இரும்பு குடற்செல்லுக்குள் மாட்டிக்கொள்ளும். குடற்செல்லின் ஆயுள் மூன்று முதல் ஐந்து நாள். அது உதிரும்போது இரும்பும் மலத்தோடு போய்விடும். எதிர்த்திசையிலும் செய்தி போகிறது. ரத்தம் இழந்ததும் மஜ்ஜை எரித்ரோஃபெரோன் என்ற ஹார்மோனை அனுப்பிக் கல்லீரலின் ஹெப்சிடின் சுரப்பைத் தணிக்கும். 2014இல்தான் இது கண்டுபிடிக்கப்பட்டது. கர்ப்ப காலத்தில் ஹெப்சிடின் தானாகவே தாழ்ந்து, வாசல்கள் திறந்தே கிடக்கும். காய்ச்சலிலும் நெடுநாள் அழற்சியிலும் நேர்மாறு: ஹெப்சிடின் ஏறி, ரத்தத்தில் இரும்பைக் குறைத்துக் கிருமியைப் பட்டினி போடுகிறது. காய்ச்சல் நாளில் விழுங்கிய இரும்பு மாத்திரை பெரும்பாலும் வீண்.

இப்போது மாத்திரைக்கு வருவோம். சுவிட்சர்லாந்தின் ஜூரிக் தொழில்நுட்பக் கழகத்தில் டியேகோ மொரெட்டி, மைக்கேல் சிம்மர்மன் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துல்லியமாக அளந்தது. 60 மில்லிகிராமோ அதற்கு மேலோ இரும்பு விழுங்கினால் ஹெப்சிடின் ஏறி, ஏறத்தாழ 24 மணி நேரம் உயர்ந்தே இருக்கிறது. மறுநாள் போடும் மாத்திரையிலிருந்து உடம்பில் சேரும் பங்கு 35 முதல் 45 சதவீதம் குறைந்தது. மாத்திரையின் இரும்பை 40 மில்லிகிராமிலிருந்து 240க்கு, ஆறு மடங்காக உயர்த்தியபோது உடம்பில் சேர்ந்தது மூன்று மடங்குகூட ஆகவில்லை. மிச்சமெல்லாம் குடலில் தங்கி வயிற்றைப் புரட்டியது.

இதை எப்படி அளந்தார்கள் என்பதில்தான் மூளை வேலை இருக்கிறது. இயற்கையில் கிடைக்கும் இரும்பில் 92 சதவீதத்துக்கு அருகில் ஒரே எடையுள்ள அணுக்கள். மிக அரிதாக அவற்றைவிடச் சற்றுக் கனமான அணுக்களும் உண்டு. கதிர்வீச்சு எதுவும் இல்லாத, முற்றிலும் பாதுகாப்பான அணுக்கள். அவற்றைப் பிரித்தெடுத்து மாத்திரையில் கலந்தார்கள். இரண்டு வாரம் கழித்து ரத்தம் எடுத்து, சிவப்பணுக்களில் கனமான இரும்பு எத்தனை என்று நிறைமானி கொண்டு எண்ணினார்கள். உள்ளே போன இரும்பில் பெரும்பகுதி சிவப்பணுவாகிவிடும் என்பதால், எந்த நாள் மாத்திரையிலிருந்து எவ்வளவு சேர்ந்தது என்று கண்டுவிடலாம்.

அதே குழுவில் நிக்கோல் ஸ்டோஃபெல் 2017இல் ஒரு படி மேலே போனார். இரும்புச் சேமிப்பு குறைந்த 40 பெண்கள். ஒரு பிரிவுக்கு 60 மில்லிகிராம் மாத்திரை 14 நாள் தொடர்ந்து. இன்னொரு பிரிவுக்கு அதே 14 மாத்திரை, ஒருநாள் விட்டு ஒருநாள். தினம் சாப்பிட்டவர்கள் உடம்பில் சேர்ந்தது 16.3 சதவீதம், விட்டு விட்டுச் சாப்பிட்டவர்களுக்கு 21.8 சதவீதம். மில்லிகிராமில் 131க்கு எதிராக 175. ஒரே மருந்தை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள்; கூடுதல் பலன் எதுவும் கிடைக்கவில்லை. ஹெப்சிடின் இறங்கக் கொடுத்த அந்த ஒருநாள் இடைவெளியே மருந்தின் ஒரு பகுதியாகிவிட்டது.

ஆனால் ஒரு மாத்திரையிலிருந்து சேரும் பங்கும் எத்தனை நாளில் குணமாகும் என்பதும் வெவ்வேறு. சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சிக் கழகத்திலிருந்து 2020இல் வந்த ஆய்வில், தினம் இரண்டு வேளை 60 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்கு ஹீமோகுளோபின் சீக்கிரம் ஏறியது. ஒருநாள் விட்டு 120 மில்லிகிராம் சாப்பிட்டவர்கள் அந்த ஏற்றத்தை எட்ட இரட்டிப்பு நாளானது. குமட்டல் அவர்களுக்குக் குறைவு. ஆக, பிரசவத்துக்கு இரண்டே மாதம் உள்ள பெண்ணுக்கும், அவசரமில்லாத கல்லூரி மாணவிக்கும் ஒரே சீட்டு எழுத முடியாது. நம் நாட்டில் 2018 முதல் நடக்கும் ரத்தசோகை இல்லா இந்தியா திட்டத்தில், கர்ப்பிணிகளுக்குச் சிவப்பு மாத்திரை தினமும் 180 நாள், 60 மில்லிகிராம். வளரிளம் பருவத்தினருக்கு நீல மாத்திரை வாரம் ஒன்று. 5 முதல் 9 வயதுக் குழந்தைகளுக்கு 45 மில்லிகிராம் உள்ள இளஞ்சிவப்பு மாத்திரை வாரம் ஒன்று. வாரம் ஒருமுறை என்பது வராமல் தடுக்க; வந்ததைக் குணமாக்க அது போதாது. கர்ப்பிணிகள் மருத்துவர் சொல்லாமல் தாங்களாக இடைவெளி விடவும் கூடாது.

மாத்திரை பெட்டிக்குள் தங்கிவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் மறதி இல்லை, வயிறு. குமட்டல், மலச்சிக்கல், எரிச்சல், கறுத்த மலம். கறுப்பைக் கண்டு பயந்து நிறுத்துபவர்கள் நிறையப் பேர். சேராத இரும்பு குடலில் நிறம் மாறி வெளியேறுவதுதான் அது, பயப்பட ஒன்றுமில்லை என்று முதல் நாளே ஒரு வார்த்தை சொன்னால் பாதிப் பேர் தொடர்வார்கள் என்று நான் நம்புகிறேன். வெறும் வயிற்றில் நன்றாகச் சேரும். அதுவும் ஹெப்சிடின் தாழ்ந்திருக்கும் காலையில். தாங்க முடியாவிட்டால் சாப்பாட்டோடு எடுத்துக்கொள்ளலாம். கொஞ்சம் குறையும், ஆனாலும் விழுங்கிய மாத்திரை விழுங்காத மாத்திரையைவிட மேல். மாத்திரையோடு டீ, காப்பி மட்டும் வேண்டாம். 2023இல் வெளியான இன்னொரு ஜூரிக் ஆய்வில் காப்பியோடு சாப்பிட்டபோது சேர்ந்த இரும்பு பாதிக்கு மேல் குறைந்தது. கர்ப்பிணிகளுக்குச் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் கொடுப்பார்கள். அது இரும்பை மறிக்கும் என்பதால் வேளை மாற்றிச் சாப்பிட வேண்டும். கரிசலில் சுக்கான் செய்யும் தடைக்கும் இதற்கும் வேதியியல் வேறு, தடுக்கும் பொருளில் மட்டும் இரண்டுக்கும் கால்சியம் பொது.

அந்த மாத்திரையில் இரும்போடு ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. அதன் கதையில் சென்னைக்கும் பங்குண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்தார். துணி ஆலைகளில் வேலை பார்த்த கர்ப்பிணிகளுக்கு வந்த ஒருவகை ரத்தசோகையில் சிவப்பணுக்கள் பெருத்துக் கிடந்தன. இரும்பு கொடுத்துத் தீரவில்லை. குன்னூரிலும், சென்னையில் கோஷா ஆஸ்பத்திரியிலும் பணிபுரிந்து ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். மலிவான ஈஸ்ட் சாறு அதைத் தீர்க்கிறது என்று 1931இல் எழுதினார். ஈஸ்டில் இருந்த அந்தப் பொருள் பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று அடையாளம் காணப்பட்டது. திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக இன்றும் இயங்குகிறது அந்த ஆஸ்பத்திரி.

இரும்புக் குறைவின் விந்தையான அறிகுறி ஒன்று பெரும்பாலும் சொல்லப்படாமலே போகிறது. பச்சரிசி, சிலேட்டுக் குச்சி, திருநீறு, செங்கல் துண்டு, மண் இவற்றைத் தின்னும் தீராத ஆசை. வெட்கத்தால் மறைப்பார்கள், தெரிந்தால் வீட்டில் திட்டு விழும். பழக்கம் என்று நினைப்பது நோயின் குரலாக இருக்கலாம். இரும்பு கொடுக்கத் தொடங்கிச் சில நாட்களிலேயே, ஹீமோகுளோபின் ஏறுவதற்கு முன்பே, பலருக்கு அந்த ஆசை அடங்கிவிடுகிறது. களிமண் குடலில் இரும்பைக் கவ்வும் என்பதால் மண் தின்பது குறையை மேலும் கூட்டும். "பச்சரிசி தின்னத் தோணுதா?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்.

ஒழுங்காகச் சாப்பிட்டும் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏறவில்லை என்றால் காரணம் தேட வேண்டும். ஒரு கொக்கிப்புழு இனத்தைப் பொறுத்துத் தினம் 0.03 முதல் 0.2 மில்லிலிட்டர் வரை ரத்தம் குடிக்கும். நூறு புழு இருந்தால் மாத்திரை தோற்றுப்போகும். அதனால்தான் பள்ளிகளில் ஆண்டுக்கு இருமுறை அல்பென்டசோல் தருகிறார்கள். தலசீமியா என்ற பரம்பரைக் குறையிலும் சிவப்பணு சிறுத்திருக்கும், ஆனால் அதற்கு இரும்பு தேவையில்லாமலும் இருக்கலாம். வயதான ஆணுக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்புக் குறைவு வந்தால், மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளக் கூடாது. குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். குடலே ஒத்துழைக்காதபோதும், பிரசவம் நெருங்கிவிட்டபோதும் இரும்பு சுக்ரோஸை நரம்பு வழியே ஏற்றுவது ஒரு வழி. அது ஹெப்சிடின் காவல் காக்கும் குடல் வாசலைச் சுற்றிக்கொண்டு நேரே ரத்தத்துக்குள் போகிறது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மினுமினுப்பான சிவப்பு மாத்திரை சின்னக் குழந்தைக்கு மிட்டாயாகத் தெரியும். குழந்தையின் எடையில் கிலோவுக்கு 60 மில்லிகிராம் தனி இரும்பு உயிருக்கே ஆபத்து. 10 கிலோ குழந்தைக்கு அது பத்து மாத்திரை, ஓர் அட்டை. கை எட்டாத உயரத்தில், மூடிய டப்பாவில் வைக்க வேண்டும்.

மாத்திரை சேரத் தொடங்கினால் உடல் அதை வரிசையாகச் செலவழிக்கிறது. ஐந்து முதல் பத்து நாளில் மஜ்ஜையிலிருந்து இளம் சிவப்பணுக்கள் கூட்டமாக ரத்தத்தில் இறங்கும். மூன்று நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் ஏற்றம் எண்ணில் தெரியும். மாடிப்படி ஏறினால் மேல்மூச்சு வாங்குவது நிற்கும். இரண்டு மாதத்தில் பலருக்கு 12 கிராமைத் தொடும். அப்போது அட்டையை ஓரங்கட்டிவிடத் தோன்றும். ஆனால் மஜ்ஜைக்குத்தான் முதல் உரிமை. வந்த இரும்பெல்லாம் அதுவரை சிவப்பணுவுக்கே போயிருக்கும், ஃபெரிட்டின் கூண்டுகள் இன்னும் காலி. ஹீமோகுளோபின் சரியான பிறகும் மேலும் மூன்று மாதம் மாத்திரை எழுதுவது அவற்றை நிரப்புவதற்காக.